உங்களுக்குத் தெரியுமா? ஒரு கிற்றார், ஒரு குரல், முதல் தட்டு

● பீ பீமன் என்ற பாடகர் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். எழுதுவது, மெட்டுப் போடுவது, பாடுவது மூன்றும் அவரே. முதல் தொகுப்பு ‘த குக்புக்’ 2007இல் வந்தது. பேர் வாங்கிக் கொடுத்தது 2012இல் வந்த ‘பீமன்’. அதில் பெரும்பாலும் கிற்றாரும் குரலுந்தான். வடகொரியத் தொழிலாளி ஒருவனைப் பற்றி ஒரு பாட்டு, ரயிலேறித் திரியும் வீடற்றவனைப் பற்றி இன்னொன்று. “எங்கட ஆக்களைப் பற்றி ஒன்றும் இல்லையோ?” என்று புங்குடுதீவின் இறுப்பிட்டியில் யாரும் கேட்கக்கூடும். அடுத்தவன் பாட்டைத் தன் வாயால் சொல்வதும் நாட்டார் பாடகன் தொழில்தானே.

● கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாவை எழுதியவர் யார்? யாருமில்லை, அல்லது எல்லாரும். ஒருவர் அடியெடுக்க, கயிறு பிடித்தவர்கள் ஒரே மூச்சில் பதில் சொல்ல, அந்தப் பதிலில்தான் வலை நகரும். அங்கே தாளம் அழகுக்காக வந்ததல்ல. கைகள் ஒன்றாக இழுக்கவேண்டும், அதற்காக வந்தது.

● ‘சின்ன மாமியே’ பாட்டை எழுதிப் பாடிய நித்தி கனகரத்தினம் உரும்பிராய்க்காரர். அம்பாறை ஹாடி தொழில்நுட்பக் கல்லூரியில் சக மாணவர்களுக்காகக் கிற்றாரோடு பாடத் தொடங்கியவர். பிறகு இலங்கை வானொலி அந்தப் பாட்டைக் கடல் கடந்தும் கொண்டுபோனது. ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’யும் அவருடையதே. சினிமாவை நம்பாமல், பேச்சுத்தமிழில், சொந்தச் சரக்கோடு வந்தவர் என்ற வகையில் தமிழில் இவருக்கு ஈடு சொல்ல எனக்கு ஆள் தெரியாது. அந்தத் துள்ளல் பைலாவின் துள்ளல். போர்த்துக்கேயர் காலத்தில் அவர்களோடும் ஆபிரிக்கரோடும் இலங்கைக்கு வந்து சேர்ந்த இசை அது.

● பொப் டிலானின் முதல் தட்டு 1961 நவம்பரில் இரண்டே நாளில் ஒலிப்பதிவானது. செலவு 402 டொலர் என்பார்கள். பதின்மூன்று பாட்டில் சொந்தமாக எழுதியவை இரண்டே இரண்டு. 1962 மார்ச்சில் வெளிவந்து, முதல் வருடம் சில ஆயிரம் பிரதிகள்தான் விற்றன. அவரைப் பிடித்துவந்த தயாரிப்பாளர் ஜோன் ஹமண்டை நிறுவனத்துக்குள்ளேயே கேலி செய்தார்கள். 2016இல் அதே டிலானுக்கு இலக்கிய நோபல்!

● நாட்டார் பாடகி ஜோன் பயஸின் முதல் தட்டு நியூயோர்க் ஹோட்டல் ஒன்றின் நடன மண்டபத்தில் 1960இல் பதிவானது. புதன்கிழமைகளில் அங்கே பிங்கோ விளையாட்டு. அன்றைக்குப் பாட்டுக்கு லீவு.

● ஆங்கிலப் பாடகர் நிக் டிரேக் பிறந்தது 1948இல், பர்மாவின் ரங்கூனில். 1969இல் வந்த அவருடைய முதல் தொகுப்பின் பெயர் ‘ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்’. சிகரெட் சுற்றும் தாள் பொதியில், தாள் முடியப்போகும்போது வரும் எச்சரிக்கை வாசகம் அது: இன்னும் ஐந்து தாள்தான். (சுருட்டுக்காரர் நாங்கள், இப்படி ஒரு தலைப்பு எங்களுக்கு வாய்த்திராது.) பாட்டுக்குப் பாட்டு நரம்புகளின் சுருதியை மாற்றுகிறவர் அவர். மேடையில் முறுக்காணியைத் திருகிக்கொண்டே நிற்பார். சனம் பொறுமை இழந்துவிடும். 26 வயதில் இறந்தபோது அவருடைய தட்டுகளை வாங்கியிருந்தவர்கள் மிகச் சிலரே.

● கிற்றாரே இல்லாமல் பாடியவர் நம்முடைய சு. வில்வரத்தினம். புங்குடுதீவில் 1950இல் பிறந்து, 2006இல் மறைந்த கவிஞர். கவியரங்கில் கவிதையை வாசிப்பதைவிடப் பாடுவதே அவருக்கு இயல்பு. ஈழத்துக் கவிஞர்களான மகாகவி, நீலாவணன் கவிதைகளையும் பாடிக் காட்டுவார். 1991இல் தீவுகளிலிருந்து சனம் இடம்பெயர்ந்த பிறகு, வெறிச்சோடிய ஊரைப் பற்றி எழுதியது ‘காற்றுவெளிக் கிராமம்’. இறுப்பிட்டி ஆட்களுக்கு அதில் முகவரி தேடவேண்டியிராது.

● முதல் தட்டுப் போட நினைக்கும் தீவுப் பிள்ளைகளுக்கு ஒன்று: உருக்குக் கம்பி நரம்பை உப்புக்காற்று சீக்கிரம் தின்றுவிடும். வாசித்து முடிந்ததும் காய்ந்த பருத்தித் துணியால், நரம்புக்கு அடிப்பக்கமும் சேர்த்து, துடைத்து வையுங்கள். விரல் வியர்வையும் உப்புத்தான்.