எல்லாமே போன்லயே கிடைக்குது... அப்புறம் எதுக்கு சனிக்கிழமை மீட்டிங்? டெவலப்பர் 'யூசர் குரூப்'களால் என்ன லாபம்?

கோடிங்கில் ஒரு சந்தேகம். முன்பு கூகுளில் தேடுவார்கள், கிடைக்காவிட்டால் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் கேட்பார்கள். இப்போது சாட்ஜிபிடியிடம் கேட்டால் சில விநாடிகளில் பதில் வருகிறது, கூடவே கோடும் வருகிறது. யூடியூபில் தமிழிலேயே பைத்தான் பாடம் கொட்டிக் கிடக்கிறது. இந்த நிலையில் மாதம் ஒரு சனிக்கிழமை, பஸ் பிடித்துப் போய், முன்பின் தெரியாத இருபது முப்பது பேரோடு உட்கார்ந்து, யாரோ ஒருவர் புரொஜெக்டரில் காட்டுவதைப் பார்க்க வேண்டிய அவசியம் என்ன?

பாடம் படிப்பது மட்டும்தான் நோக்கம் என்றால், ஒரு அவசியமும் இல்லை. வீட்டிலேயே படிக்கலாம். ஆனால் இந்தக் கூட்டங்கள் உருவானதே வேறு காரணத்துக்காக. அந்தக் காரணம் ஏஐ வந்த பிறகும் அப்படியேதான் இருக்கிறது. முக்கியமாக, பெரிய காலேஜ் பெயரோ, ஐடி கம்பெனியில் சொந்தக்காரரோ இல்லாத ஒரு இளைஞருக்கு இது வேலை வாய்ப்பு வரைக்கும் போகிற விஷயம்.

யூசர் குரூப் என்றால் என்ன?

ஒரே மென்பொருளையோ, ஒரே புரோகிராமிங் மொழியையோ பயன்படுத்துகிறவர்கள் ஊர் அளவில் கூடிக்கொள்ளும் குழு. லினக்ஸுக்கு ஒன்று, பைத்தானுக்கு ஒன்று, ஜாவாவுக்கு ஒன்று, கிளவுடுக்கு ஒன்று என்று பல இருக்கின்றன. பெரும்பாலும் கட்டணம் கிடையாது. ஒன்றிரண்டு பேர் பேசுவார்கள், கேள்வி பதில் நடக்கும், பிறகு டீ. சான்றிதழ் கிடைக்காது. கோச்சிங் சென்டருக்கும் இதற்கும் உள்ள முதல் வித்தியாசம், இங்கே சொல்லிக் கொடுப்பவரும் கேட்பவரும் ஒரே வேலையைச் செய்கிறவர்கள். இந்த மாதம் மேடையில் நிற்பவர் அடுத்த மாதம் கடைசி வரிசையில் இருப்பார்.

70 வருஷத்துக்கு முன்னாடியே ஆரம்பித்த கதை

இது இன்டர்நெட் காலத்து ஐடியா இல்லை. 1955-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் ஐபிஎம் 704 கம்ப்யூட்டரை வாங்கவிருந்த நிறுவனங்களுக்கு ஒரு தலைவலி. ஒரு அறை முழுக்க அடைத்துக்கொள்ளும் மிஷின். ஆனால் அதோடு வரும் மென்பொருள் மிகக் குறைவு. அடிப்படைக் கணக்கு ரொட்டீன்களைக்கூட ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக எழுத வேண்டும். அவர்களில் பலர் விமானத் தயாரிப்பாளர்கள், ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள். ஆனாலும் ஒரே கோடைப் பல இடங்களில் எழுதிக் காசை வீணாக்குவதைவிடப் பகிர்ந்துகொள்ளலாம் என்று முடிவெடுத்தார்கள். அந்த ஆகஸ்டில் 17 அமைப்புகள் கூடி ஆரம்பித்த குழுவின் பெயர் 'ஷேர்'. அந்தக் குழு இன்றும் இயங்குகிறது. அடுத்த சில ஆண்டுகளில் ஐபிஎம் 709 கம்ப்யூட்டருக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் உருவாவதற்கே இந்தக் குழு காரணமாக இருந்தது. வாங்கியவர்கள் ஒன்றாகப் பேசினால் விற்றவர் காது கொடுத்துத்தான் ஆக வேண்டும், அவ்வளவுதான் லாஜிக்.

ஆனால் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் இதற்கு 20 ஆண்டுகள் கழித்து வந்தது. 1975 மார்ச் 5, கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க். ஒருவர் வீட்டு கார் ஷெட்டில் சுமார் 30 பேர் கூடினார்கள். நடுவில் ஆல்டேர் 8800 என்ற கிட் கம்ப்யூட்டர். அதற்கு ஸ்கிரீனும் இல்லை, கீபோர்டும் இல்லை. 'ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்' பிறந்தது அன்றுதான். வந்தவர்களில் ஒருவர் ஸ்டீவ் வோஸ்னியாக், அப்போது ஹெச்பி-யில் இன்ஜினீயர். அந்த இரவு கையில் கிடைத்த ஒரு மைக்ரோபிராசசர் விவரத் தாள்தான் தன்னைச் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் வடிவமைக்க வைத்தது என்று அவர் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். அப்படி உருவானது ஆப்பிள் 1.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. வோஸ்னியாக் தன் சர்க்யூட் வரைபடத்தைக் கிளப்பில் இலவசமாகவே கொடுத்துக்கொண்டிருந்தார். அதைப் போர்டாகச் செய்து விற்கலாம் என்றவர் ஸ்டீவ் ஜாப்ஸ். முதல் பெரிய ஆர்டரும் இந்த வட்டாரத்திலிருந்தே வந்தது. கிளப்பில் அதைப் பார்த்த பைட் ஷாப் கடைக்காரர் பால் டெரல் 50 கம்ப்யூட்டர்கள் கேட்டார். கம்பெனி தொடங்கியது 1976 ஏப்ரல் 1.

கூட்டம் நடந்த விதமும் சுவாரஸ்யம். முதலில் ஒவ்வொருவராக எழுந்து, தன்னிடம் என்ன இருக்கிறது, என்ன தேவை, என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று சுருக்கமாகச் சொல்ல வேண்டும். அது 'மேப்பிங்'. அதன் பிறகு எல்லோரும் எழுந்து, தனக்குத் தேவையான ஆளைத் தேடிப் போய்ப் பேசலாம். அது 'ரேண்டம் ஆக்சஸ்'. ஒருத்தர் மட்டும் மூன்று மணி நேரம் பேசி, மற்றவர்கள் கொட்டாவி விடும் கூட்டங்களை நடத்துகிறவர்கள் இதை ஒருமுறை முயற்சி செய்து பார்க்கலாம்.

எல்லாமே இனிப்பான கதை இல்லை. மைக்ரோசாஃப்ட் அப்போது புதுக் கம்பெனி. அது எழுதிய ஆல்டேர் பேசிக் மென்பொருளை இதே கிளப் ஆட்கள் காப்பி எடுத்து விநியோகித்தார்கள். கடுப்பான பில் கேட்ஸ் 1976 பிப்ரவரியில் பொழுதுபோக்கு கம்ப்யூட்டர்காரர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதமே எழுதினார். பகிர்வதா, விற்பதா என்ற சண்டை அன்று ஆரம்பித்தது, இன்னும் முடியவில்லை.

சரி, ஏஐ வந்தாச்சே... இப்போ என்ன கிடைக்கும்?

ஒரு உதாரணம். ஒருவர் தன் ஆப்பில் பணம் செலுத்தும் பகுதியை எழுதுகிறார். ஏஐ கோடு கொடுத்துவிட்டது. டெஸ்டில் எல்லாம் பாஸ். அதை யூசர் குரூப்பில் ஐந்து நிமிஷம் காட்டுகிறார். பேமென்ட் துறையில் பல வருஷம் இருந்த ஒருவர் பின்னாலிருந்து கேட்கிறார்: "பட்டன் அழுத்தின உடனே நெட் கட்டாகுது. கஸ்டமர் திரும்ப அழுத்தறார். பணம் ரெண்டு தடவை போகுமா?"

இவருக்கு அந்தக் கேள்வியே தோன்றியிருக்காது. தோன்றியிருந்தால் ஏஐ-யே சரியாகப் பதில் சொல்லியிருக்கும். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒரு தனி அடையாள எண் கொடு, அதே எண் மறுபடி வந்தால் பணத்தை எடுக்காதே என்பது பழைய, தெரிந்த தீர்வு. சிக்கல் பதில் கிடைக்காததில் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி எது என்று தெரியாததில் இருக்கிறது. அந்தக் கேள்வி, அடிபட்டவர்களிடம்தான் இருக்கும்.

இன்னொன்று, தோல்விக் கதைகள். 'இந்த டேட்டாபேஸுக்கு மாறினோம், ஆறு மாசத்தில் திரும்பி வந்துட்டோம்' என்று எந்தக் கம்பெனியும் விளம்பரம் செய்யாது. ஆன்லைனில் எழுதவும் ஊழியர்கள் யோசிப்பார்கள். டீ குடிக்கும்போது சொல்வார்கள். இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு: வாடிக்கையாளர் விவரம், கம்பெனி கோடு, ரகசிய ஒப்பந்தத்துக்கு உட்பட்டது எதையும் அங்கே பேசக் கூடாது. வேலையே போய்விடும்.

வேலை கிடைக்குமா? ஆய்வு சொல்வது என்ன?

சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பாஸ்டன் அருகே புதிதாக வேலை மாறியவர்களிடம், அந்த வேலையைப் பற்றிச் சொன்னவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அடிக்கடி பார்க்கும் நபர் சொன்னது 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்க்கும் நபர் மூலம் 55.6 சதவீதம். அரிதாகப் பார்ப்பவர் மூலம் 27.8 சதவீதம். காரணம் எளிது. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்திருக்கும். எப்போதாவது பார்க்கிறவர் வேறொரு வட்டத்தில் புழங்குகிறவர், அங்குள்ள செய்தி அவர் வழியாகத்தான் வரும்.

அந்தக் கணக்கு 54 பேரை மட்டும் வைத்துப் போட்டது, சின்ன எண்ணிக்கைதான். ஆனால் 2022-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு, லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடி பேரின் ஐந்தாண்டுத் தரவுகளைப் பார்த்தது. ஓரளவு பழக்கம் மட்டுமே உள்ள தொடர்புகள், நெருக்கமானவற்றைவிட வேலை மாற அதிகம் உதவுகின்றன என்று அதிலும் தெரியவந்தது. ரொம்பவே மேலோட்டமான தொடர்புக்கு அந்த அளவு பலன் இல்லை.

மாதம் ஒருமுறை ஒரே அறையில் பார்க்கும் ஆள், சரியாக இந்த நடுத்தட்டில் வருகிறார். லிங்க்ட்இன்-இல் கனெக்ட் கொடுத்துவிட்டு மறந்துபோகிற 500 பேர் அப்படி இல்லை. கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் பெரிய கம்பெனிகள் வராத கல்லூரியில் படித்தவருக்கு இந்த வித்தியாசம் பெரிது. இவர் எழுதிய கோடை நேரில் பார்த்த ஒருவர், "இந்தப் பையனைக் கூப்பிட்டுப் பாருங்க" என்று தன் மேனேஜரிடம் சொல்வது, ஆயிரம் ரெஸ்யூம்களில் ஒன்றாகக் கிடப்பதைவிட மேல்.

தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது?

சென்னையின் லினக்ஸ் பயனர் குழுவான ஐஎல்யூஜி-சி 1990-களின் பிற்பகுதியிலிருந்து இயங்குகிறது. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை கூட்டம் என்பது அதன் வழக்கம். நீண்ட காலம் ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில் கூடினார்கள். பைத்தான் குழுவான 'சென்னைப்பை' நான்காவது சனிக்கிழமையை எடுத்துக்கொண்டது. தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் அதன் கூட்டங்கள் நடந்திருக்கின்றன. இவை தவிர கூகுள், அமேசான் போன்ற நிறுவனங்களின் பெயரில் இயங்கும் டெவலப்பர் குழுக்களும் உண்டு.

சென்னைக்கு வெளியேதான் கதை இன்னும் சுவாரஸ்யமாகிறது. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு, கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டணம் இல்லாமல் கணினிப் பயிற்சி தருகிறது. காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆன்லைனில் தமிழிலேயே பேசுகிறது. இதே கட்டற்ற மென்பொருள் வட்டாரத்திலிருந்து 2012-ல் வந்த 'கணியம்' மின்னிதழ், லினக்ஸ், பைத்தான், மைஎஸ்க்யூஎல் போன்றவற்றை எளிய தமிழில் கொடுத்துவருகிறது.

தமிழில் பேசுவது வெறும் மொழிப்பற்று விஷயம் இல்லை. ஆங்கிலத்தில் எழுந்து கேள்வி கேட்கக் கூச்சப்படுகிற மாணவர், கேட்காமலேயே வீட்டுக்குப் போய்விடுவார். தமிழில் கேட்கலாம் என்றால் கை தூக்குவார். குழுவுக்கும் லாபம், ஏனென்றால் அந்தச் சந்தேகம் பாதிப் பேருக்கு இருக்கும்.

இங்கேயும் சிக்கல் உண்டு

நிறைய குழுக்கள் ஒரே ஒரு ஆளின் தோளில் நிற்கின்றன. ஹால் பிடிப்பது, பேச்சாளரைத் தேடுவது, புரொஜெக்டர் வயரிலிருந்து டீ காசு வரை அவர்தான். அவருக்குக் கல்யாணம் ஆனாலோ, பெங்களூரு போனாலோ குழு காலி. கம்பெனி பணத்தில் ஓடும் குழுக்களுக்கு வேறு மாதிரி ஆபத்து. கம்பெனி பட்ஜெட்டை நிறுத்தினால் அடுத்த மாதம் கூட்டம் இருக்காது. இருக்கும் வரையிலும், "எங்க புராடக்ட்டை விட்டா உலகத்துல வேற இல்லை" என்ற ரீதியில் விற்பனைப் பேச்சாகப் போகலாம். இரண்டு கூட்டத்துக்குப் பிறகும் கைதட்டலும் ஸ்டிக்கரும் மட்டுமே மிச்சம் என்றால் வேறு குழு தேடுவது நல்லது.

இலவச மீட்டப் என்று கூப்பிட்டு, கடைசியில் 'கோர்ஸில் சேருங்க, பிளேஸ்மென்ட் நிச்சயம்' என்று பணம் கேட்டால் அது யூசர் குரூப்பே இல்லை.

யாருக்கு உள்ளே இடம் கிடைக்கிறது என்பதும் முக்கியம். கூட்டம் ஓஎம்ஆர் பக்கம் ஒரு அலுவலகத்தில் இரவு எட்டு மணி வரை நடந்தால், அம்பத்தூரிலோ திருவள்ளூரிலோ இருக்கும் மாணவிக்கு அது மூடிய கதவுதான். வழக்கமான ஐந்து பேர் தங்களுக்குள்ளேயே ஜோக் அடித்துக்கொண்டிருந்தால், புதிதாக வந்தவர் ஓரமாக நின்று போனைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார். வெளியாட்களுக்கு வழி திறக்க வேண்டிய இடம், இன்னொரு 'தெரிஞ்சவங்க' வட்டமாகச் சுருங்குவது இப்படித்தான்.

முதல் தடவை போறீங்களா?

ரெஸ்யூமைக் கட்டாக எடுத்துக்கொண்டு போக வேண்டாம். பத்துப் பேரிடம் நீட்டினால் பத்துப் பேரும் நழுவுவார்கள். அதற்குப் பதில், நீங்கள் செய்த ஏதாவது ஒன்றை, அரைகுறையாக இருந்தாலும், லேப்டாப்பிலோ போனிலோ காட்டத் தயாராக வைத்திருங்கள். 'உங்க கம்பெனியில இதை எப்படிப் பண்றீங்க?' என்பது எந்தக் கூட்டத்திலும் வேலை செய்யும் கேள்வி. மூன்று மாதம் தொடர்ந்து போன பிறகு முடிவு செய்யுங்கள், ஒரே கூட்டத்தை வைத்து எடை போட முடியாது. பல குழுக்களில் 'லைட்னிங் டாக்' என்று ஐந்து நிமிஷப் பேச்சு உண்டு. புதியவர்கள் தொடங்க அதுதான் சுலபமான வழி. நீங்கள் போன வாரம் மாட்டிக்கொண்ட ஒரு பிழை, அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதே போதுமான தலைப்பு.

உங்கள் ஊரில் குழுவே இல்லையா? நான்கு பேரும், காலேஜ் லேப் அல்லது நூலகத்தில் ஒரு அறையும் இருந்தால் ஆரம்பிக்கலாம். தேதியை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். இரண்டாவது சனி, நான்காவது சனி என்று நிரந்தரமாக வைத்தால், அறிவிப்பைப் பார்க்காதவர்கூட வந்து சேர்வார். முதல் நாளே இரண்டாவது ஒருங்கிணைப்பாளரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அறிவிப்பில் தலைப்பு, இடம், எந்த மொழியில் பேச்சு என்பதோடு கூட்டம் முடியும் நேரத்தையும் போடுங்கள். கடைசி பஸ்ஸை நம்பி வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.