உள்நுழைவு மறுக்கப்படும்போது

மேசைக்கணினியில் தண்டர்பேர்ட் போன்ற மின்னஞ்சல் செயலியை அமைக்கையில் உள்நுழைவு மறுக்கப்பட்டால், நாம் முதலில் கடவுச்சொல்லையே ஐயுறுகிறோம். அதே கடவுச்சொல்லை இணைய உலாவி ஏற்குமாயின், பிழை பெரும்பாலும் அமைப்பில்தான் இருக்கும். மூன்று இடங்களை வரிசையாக நோக்குவோம்.

முதலாவது, பயனர் பெயர். வழங்கிகள் பல முழு மின்னஞ்சல் முகவரியையே கேட்கின்றன; முகவரியின் முற்பகுதி மட்டும் போதாது.

இரண்டாவது, போர்ட் எண்ணும் பாதுகாப்பு முறையும். இவை இணையாகவே பொருந்தும். ஐமேப் வழி மடல் பெற 993 எனில் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். மடல் அனுப்ப 465 எனில் அதுவே, 587 எனில் ஸ்டார்ட்டிஎல்எஸ். இணை மாறினால் வழங்கியுடன் தொடர்பே ஏற்படாது.

மூன்றாவது, சான்றுறுதி முறை. ஜிமெயிலுக்கு ஓஆத்2 முறையைத் தெரிவுசெய்தால் கூகுளின் உள்நுழைவுச் சாளரம் திறக்கும். கடவுச்சொல்லை அங்கேயே இடுகிறோம்.

மடல் வந்தும் அனுப்ப இயலவில்லையெனில், பெறும் வழங்கியும் அனுப்பும் வழங்கியும் வெவ்வேறானவை என்பதை நினைவிற்கொண்டு, அனுப்பும் வழங்கியின் அமைப்பைத் தனியே சரிபார்த்தல் வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதித்தால் பிழையின் இடம் புலப்படும். எவ்வாறேனும் இயங்கட்டும் என்று பாதுகாப்பை ‘எதுவுமில்லை’ என மாற்றுதல் மட்டும் கூடாது. மறையாக்கமின்றிச் செல்லும் கடவுச்சொல்லை இடையிலிருப்போர் படித்துவிட இயலும். ஆசிரியரின் அஞ்சற்பெட்டியில் மாணவர்தம் மதிப்பெண்களும் பெற்றோரின் மடல்களும் உள்ளன; அவற்றைக் காப்பதும் நம் கடமையே.