மின்னாக்கியும் மின்னெழுச்சியும்

மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவி

இராமானுசர் பிறந்த ஊர் என்று பெரியோர் போற்றும் திருப்பெரும்புதூர், இன்று கார்களும் கைப்பேசிகளும் கண்ணாடியும் உருவாகும் ஊராகவும் திகழ்கிறது. 1998ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலையும், 2012இல் டைம்லர் லாரி ஆலையும், 2013இல் ராயல் என்ஃபீல்டு ஆலையும் வந்தன. வண்டலூர் - வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள் கோயில் - திருப்பெரும்புதூர் சாலையும் சந்திக்கும் ஒரகடம் கூட்டுரோட்டில் காலை ஆறு மணிக்கு நின்று பார்த்தால், ஆலைப் பேருந்துகள் எறும்பு வரிசை போல் செல்வதைக் காணலாம். நம் கல்லூரியில் படித்த அண்ணன்மாரும் அக்காமாரும் பலர் அவற்றில் அமர்ந்து செல்கிறார்கள்.

இப்பெரிய ஆலைகளைச் சுற்றிச் சிறு பட்டறைகள் பல இருக்கின்றன. அவற்றுள் ஒன்று என் மாமாவினுடையது. எட்டுப் பேர் வேலை செய்யும் இடம். வங்கிக் கடனில் வாங்கிய இரண்டு சி.என்.சி. லேத்துகள்தாம் அதன் உயிர். ஒரு நாள் இயந்திரம் நின்றால் அன்றைய சரக்கு போகாது. சரக்கு போகாவிட்டால் தவணை கட்ட முடியாது.

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்து மாலை ஒன்றில் இடியும் மின்னலுமாக மழை பெய்தது. மின்வாரிய மின்சாரம் நின்றது. வழக்கம்போல் ஜெனரேட்டரை ஓட்டினார்கள். சிறிது நேரத்தில் ஒரு லேத்தின் கட்டுப்பாட்டுக் கார்டு எரிந்தது. புதுக் கார்டு வந்து சேரப் பதினோரு நாட்கள் ஆயின. "மின்னல்தான் காரணம்" என்றார்கள் எல்லோரும். மாமா கடைக்குச் சென்று, கைக்குக் கிடைத்த ஒரு 'சர்ஜ் புரொடெக்டரை' வாங்கிப் பொருத்தினார். மூன்று மாதங்களில் அதுவும் கருகிப் போயிற்று. அன்று மின்னலும் இல்லை, மழையும் இல்லை!

"என்னம்மா, மூணு வருஷமா பிசிக்ஸ் படிக்கிறியே! காவலுக்கு வெச்ச நாயே செத்துப் போச்சே, அது ஏன்னு சொல்லு பார்ப்போம்" என்று மாமா கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. நம் துறைப் பேராசிரியர்களைக் கேட்டும், நூல்களைப் படித்தும், பட்டறைக்கு வந்த எலெக்ட்ரீஷியன் அண்ணனுடன் நின்று பார்த்தும் நான் அறிந்து கொண்டதே இக்கட்டுரை.

மின்னெழுச்சி என்பது யாது?

நம் வீட்டுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட் என்கிறோம். அது சராசரி வகையில் சொல்லப்படும் அளவு. அலையின் உச்சியில் அது 325 வோல்ட்டைத் தொடும். இவ்வலையின் மேல் திடீரென ஆயிரக்கணக்கான வோல்ட் உயரமுள்ள ஒரு கூர்முனை தோன்றி, ஒரு விநாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குள் மறைந்து விடுமானால், அதுவே மின்னெழுச்சி.

இதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது மின்னல். ஒரு மின்னலில் 30,000 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் பாய்வது இயல்பு. அது நம் கம்பியின் மேலேயே விழ வேண்டும் என்பதில்லை. அருகில் விழுந்தாலும் தூண்டலால் கம்பியில் அழுத்தம் எழும். இரண்டாவது, சுவிட்சுகளின் இயக்கம். சுருளில் ஓடும் மின்னோட்டத்தைச் சட்டென நிறுத்தினால் பெரும் அழுத்தம் தோன்றும் என்று ஆய்வகத்தில் கண்டிருக்கிறோம். மோட்டாரை நிறுத்தும்போதும், சேஞ்ச்ஓவர் சுவிட்சைத் திருப்பும்போதும் நிகழ்வது அதுவே.

ஏரியும் கலங்கலும்

காஞ்சிபுரம் மாவட்டம் ஏரிகள் நிறைந்த மாவட்டம். ஏரிக்கரையில் கலங்கல் இருப்பதை நாம் அறிவோம். நீர் ஓர் அளவுக்கு மேல் உயர்ந்தால் கலங்கல் வழியே தானே வழிந்து ஓடும், கரை பிழைக்கும். எழுச்சிக் காப்பானும் மின்சாரத்துக்கு ஒரு கலங்கலே.

இக்கலங்கல் பெரும்பாலும் துத்தநாக ஆக்சைடு என்னும் பொருளால் ஆனது. 1960களின் இறுதியில் ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனத்தில் மிச்சியோ மட்சுவோகா என்பவர் இதனை உருவாக்கினார். இயல்பான அழுத்தத்தில் இது ஏறக்குறைய மின்கடத்தாப் பொருள் போல் இருக்கும். அழுத்தம் குறித்த அளவைத் தாண்டியதும், நொடிப்பொழுதில் கடத்தியாக மாறி, எழுச்சியைத் தன் வழியே திருப்பிவிடும். எழுச்சி அடங்கியதும் பழைய நிலைக்குத் திரும்பும்.

இங்கே இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும். கலங்கலை மிகவும் தாழ்வாகக் கட்டினால் சாதாரண நாளிலும் நீர் வழிந்து கொண்டே இருக்கும். அன்றியும், சற்று நேர வெள்ளத்துக்காகக் கட்டிய கலங்கலின் மேல் நாள் முழுவதும் வெள்ளம் ஓடினால் கலங்கலே அரித்துக் கொண்டு போய்விடும். மாமாவின் கேள்விக்கு விடை இவ்விரண்டிலும் அடங்கியிருந்தது.

ஜெனரேட்டரின் குணம்

மின்வாரியத்தின் மின்தொகுப்பு ஒரு கடல். நம் பட்டறையின் மோட்டார் ஓடினாலும் நின்றாலும் அதற்குத் தெரியாது. ஜெனரேட்டரோ ஒரு சிறு குட்டை. பெரிய சுமை ஒன்று சட்டென விலகினால் அதன் அழுத்தம் துள்ளி எழும். ஏ.வி.ஆர். எனப்படும் தானியங்கி அழுத்தச் சீராக்கி அதைக் கீழே கொண்டுவரச் சில விநாடிகள் ஆகும்.

இத்துள்ளலுக்கு உலகத் தர அளவு ஒன்று உண்டு. ஐ.எஸ்.ஓ. 8528 என்னும் தரவிதி, ஜெனரேட்டர்களைத் திறன் வகைகளாகப் பிரிக்கிறது. முழுச் சுமையும் ஒரே சமயத்தில் விலகும்போது ஜி1 வகையில் 35 விழுக்காடும், ஜி2 வகையில் 25 விழுக்காடும், ஜி3 வகையில் 20 விழுக்காடும் வரை அழுத்தம் உயரலாம். அதாவது 230 வோல்ட், ஜி1 ஜெனரேட்டரில் 310 வோல்ட் வரையிலும், ஜி2இல் 287 வோல்ட் வரையிலும் போகலாம். இது பழுதன்று, அதன் இயல்பு.

மாமா வாங்கிய காப்பானின் மேல் "275 வோல்ட்" என்று அச்சிட்டிருந்தது. தொடர்ந்து தாங்கக்கூடிய உச்ச அழுத்தம் அது. மின்வாரிய மின்சாரத்துக்கு அது போதும். ஜெனரேட்டருக்கு அது தாழ்ந்த கலங்கல். கம்ப்ரசர் நிற்கும் ஒவ்வொரு முறையும் அதன் மேல் நீர் வழிந்திருக்கிறது. போதாக்குறைக்கு எலெக்ட்ரீஷியன் அண்ணன் மீட்டரை வைத்துப் பார்த்தபோது, ஏ.வி.ஆர். பழுதால் ஜெனரேட்டர் எந்நேரமும் 290 வோல்ட் கொடுத்துக் கொண்டிருந்தது தெரிந்தது. காப்பான் சூடேறிச் சூடேறிக் கருகியதில் வியப்பென்ன? முதலில் எரிந்த கார்டு மின்னலால் எரிந்ததா, இதனால் எரிந்ததா என்று இனி உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் மீட்டரை அன்றே வைத்துப் பார்த்திருந்தால் இரண்டாவது நட்டம் நேர்ந்திராது.

தேர்ந்தெடுப்பது எவ்வாறு?

முதலாவதாகப் பார்க்க வேண்டியது, நான் மேலே கூறிய தொடர் அழுத்த அளவு. ஜெனரேட்டரும் ஓடும் இடத்தில் 320 வோல்ட் அல்லது அதற்கு மேற்பட்டதை வாங்குவது நலம். ஆனால் கலங்கலை உயர்த்த உயர்த்தக் கரைக்கு ஆபத்து கூடும் அல்லவா? ஆகவே, எழுச்சியின்போது காப்பான் எவ்வளவு அழுத்தத்தை உள்ளே விடும் என்ற அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நுண்ணிய மின்னணுக் கருவிகளுக்கு அது 1.5 கிலோவோல்ட்டுக்குள் இருப்பது நன்று.

இரண்டாவது, வகை. கட்டிடத்தின் மேல் இடிதாங்கி இருந்தால், முதன்மைப் பலகையில் 'டைப் 1' வேண்டும்; மின்னலோட்டத்தின் ஒரு பகுதியையே அது தாங்க வல்லது. பகிர்வுப் பலகையில் 'டைப் 2'. இயந்திரத்தின் அருகில், தேவையானால் 'டைப் 3'. முதற்காவல் இல்லாமல் மூன்றாவதை மட்டும் வைப்பது, வாயிற்கதவைத் திறந்து போட்டுவிட்டு அலமாரியைப் பூட்டுவதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, தன்னைத் தானே துண்டித்துக் கொள்ளும் அமைப்பு. காப்பான் சூடேறினால், தீப்பற்றுமுன் சுற்றிலிருந்து அது விலக வேண்டும். எம்.சி.பி. விழுந்துவிடும் என்று நம்பியிருக்கக் கூடாது. சிறு ஜெனரேட்டரில் குறுக்குச் சுற்று ஏற்பட்டாலும் மின்னோட்டம் மின்வாரியத்தில் பாய்வது போல் மிகுதியாகப் பாயாது, எம்.சி.பி. உடனே விழாமலும் போகலாம். நல்ல காப்பானில் வெப்பத் துண்டிப்பும், நிலைமையைக் காட்டும் சிறு சாளரமும் இருக்கும். பச்சை தெரிந்தால் உயிர் உண்டு; சிவப்பு தெரிந்தால் மாற்ற வேண்டும்.

நான்காவது, இடம். சேஞ்ச்ஓவர் சுவிட்சுக்குப் பின்னால், இயந்திரங்களின் பக்கம் பொருத்தினால், மின்வாரியம், ஜெனரேட்டர் இரண்டிலும் அது காவல் செய்யும். ஜெனரேட்டர் வெளியே கொட்டகையில் நின்று, இடையே பத்து மீட்டருக்கு மேல் கேபிள் ஓடினால், அதன் பலகையிலும் ஒன்று வேண்டும். இல்லையேல் ஏ.வி.ஆரும் கட்டுப்பாட்டுக் கருவியும் காவலின்றி நிற்கும்.

ஐந்தாவது, கம்பியின் நீளம். இதில் நம் பாடப் புத்தகமே பேசுகிறது. ஒரு மீட்டர் கம்பிக்குச் சுமார் ஒரு மைக்ரோஹென்றி தூண்டல் உண்டு. மின்னோட்டம் ஒரு மைக்ரோவிநாடிக்கு ஆயிரம் ஆம்பியர் வீதம் உயருமானால், அந்த ஒரு மீட்டரில் மட்டும் ஆயிரம் வோல்ட் தோன்றும்! விலையுயர்ந்த காப்பானை வாங்கி, அழகுக்காகக் கம்பியைச் சுருட்டி விட்டால் பயன் போயிற்று. இணைப்புக் கம்பி அரை மீட்டருக்குள், நேராக இருக்க வேண்டும்.

எர்த்தும் நியூட்ரலும்

கலங்கலில் வழிந்த நீர் செல்ல வாய்க்கால் வேண்டும். அதுவே எர்த். மாமாவின் பட்டறையில் எர்த் குழி சித்திரை வெயிலில் காய்ந்து, கம்பியின் இணைப்பு துருப்பிடித்துக் கிடந்தது. வாய்க்கால் அடைபட்டால் கலங்கல் இருந்தும் என்ன பயன்?

நியூட்ரலின் கதை இன்னும் ஆபத்தானது. மூன்று பேஸ் அமைப்பில் நியூட்ரல் அறுந்தால், குறைந்த சுமையுள்ள பேஸில் அழுத்தம் 415 வோல்ட்டை நோக்கி ஏறும். இது நொடிப்பொழுது எழுச்சி அன்று. நின்று கொல்லும் அழுத்தம். எந்த எழுச்சிக் காப்பானும் இதைத் தடுக்காது. இதற்கு வேண்டியது, அழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் சுற்றைத் துண்டிக்கும் ரிலே. அதன் விலை ஒரு கார்டின் விலையில் சிறு பங்கே.

திருவிழாப் பந்தலுக்கும் இரவுக் கடைக்கும் தூக்கிச் செல்லும் சிறு ஜெனரேட்டர்கள் பலவற்றில், நியூட்ரல் எர்த்துடன் இணைக்கப்படாமல் இருக்கும். அவற்றில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே உள்ள காப்பு மட்டுமே வேலை செய்யும். எர்த்தை நம்பிய காப்பு வேலை செய்யாது. வாங்குமுன் இதைக் கேட்டறிய வேண்டும். சிலர் சிறு ஜெனரேட்டரின் கம்பியை வீட்டுச் சுவர் சாக்கெட்டில் சொருகி வீடு முழுவதும் விளக்கேற்றுகிறார்கள். அம்மின்சாரம் பின்னோக்கி ஓடி, மின்மாற்றியில் ஏறி, உயர் அழுத்தமாகி, மின்கம்பத்தில் பழுது பார்க்கும் தொழிலாளியின் உயிரைப் பறிக்கக் கூடும். 2016 டிசம்பரில் வர்தா புயல் ஆயிரக்கணக்கான மின்கம்பங்களைச் சாய்த்தபோது, இரவும் பகலும் கம்பத்தில் ஏறியவர்களை நாம் பார்த்தோமே! அவர்களுக்காகவேனும் சேஞ்ச்ஓவர் சுவிட்சு இன்றி ஜெனரேட்டரை வீட்டு இணைப்பில் சேர்க்கலாகாது.

முடிவுரை

தமிழகத்தில் 2008ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் நீடித்த மின்வெட்டுக் காலத்தில்தான் ஜெனரேட்டர் சிறு பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் பெருமளவில் வந்து சேர்ந்தது. 2012இல் சென்னைக்கு வெளியே பல ஊர்கள் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக இருளில் கிடந்தன. அவசரத்தில் ஜெனரேட்டர் வாங்கினோம்; அதனோடு வாழும் முறையை நிதானமாகக் கற்றுக் கொள்ளவில்லை.

மருத்துவர் நாடி பார்த்த பின்பே மருந்து தருவார். மின்சாரத்திலும் அதுவே முறை. முதலில் மீட்டர், பிறகு ஏ.வி.ஆர்.; பிறகு எர்த்தும் நியூட்ரலும்; அதன் பின்பே எழுச்சிக் காப்பான். மாமாவின் பட்டறையில் அவ்வரிசைப்படியே யாவும் செய்யப்பட்டன. ஏ.வி.ஆரை மாற்றினார்கள். எர்த் குழியைத் தோண்டிப் புதுப்பித்தார்கள். ரிலே வந்தது. கடைசியாக 320 வோல்ட் காப்பான் வந்தது. எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது இப்போது பட்டறைப் பையன் ஒருவனின் தினசரி வேலை.

தோழர்களே, நம்மில் பலருடைய வீட்டிலோ உறவிலோ இத்தகைய ஒரு பட்டறை, ஒரு கடை, ஓர் அரிசி ஆலை இருக்கும். சமன்பாடுகளைத் தேர்வுத்தாளில் எழுதிவிட்டு மறந்து விடாமல், ஒருமுறை அங்கே சென்று மீட்டரை வைத்துப் பாருங்கள்.

இப்போது மாமா காலையில் பட்டறையைத் திறந்து, சாமி படத்துக்கு ஊதுவத்தி ஏற்றியதும், அப்படியே திரும்பிப் பலகையின் சிறு சாளரத்தைக் குனிந்து பார்க்கிறார். "பச்சைதாம்மா இருக்கு" என்று எனக்குப் போன் செய்தும் சொல்கிறார். மூன்றாண்டுப் படிப்பில் நான் பெற்ற மதிப்பெண்களுள் அதனையே பெரிதாகக் கருதுகிறேன்.