இழை போகும் திசை

கடலூர் முதுநகர்ப் பக்கம் ஃபைபர் படகு செய்யும் கொட்டகை ஒன்றில் ஒரு காலைப்பொழுதைக் கழித்தேன். உள்ளே கால் வைக்கும் முன்பே ரெசின் வாடை மூக்கில் ஏறிவிட்டது. படகின் வடிவிலேயே பெரிய தொட்டிபோல ஓர் அச்சு. அதன் உட்புறத்தில் மெழுகு தேய்த்து, ஜெல்கோட் என்னும் நீல நிற மேற்பூச்சைப் பூசி முடித்திருந்தார்கள். அதன்மேல் மேட் விரிக்கிறார்கள். துண்டு துண்டாக வெட்டிய கண்ணாடி இழைகளைப் பாய்போல அமுக்கிய வெள்ளை விரிப்பு அது. கையால் இழுத்தால் பிய்ந்து வரும். வாளியிலிருந்து ரெசினை எடுத்து பிரஷ்ஷால் அடிக்க அடிக்க வெள்ளை மறைந்து, அடியில் இருக்கும் நீலம் தெரிகிறது. எங்காவது வெள்ளைப் புள்ளி மிச்சமிருந்தால் அங்கே காற்று சிக்கியிருக்கிறது என்று பொருள். "காத்து நிக்கக் கூடாதுடா, ரோலரை ஓட்டு" என்று மூத்தவர் குரல் கொடுக்கிறார். வரிவரியாகப் பள்ளம் வெட்டிய ரோலர் அந்த இடத்தில் நாலு முறை ஓடுகிறது. சற்று நேரம் கழித்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் சுடுகிறது. ரெசின் இறுகும்போது தானே வெப்பத்தை வெளியிடும். சூடு ஆறிய பிறகு பார்த்தால் துணியையும் காணோம், திரவத்தையும் காணோம். அலையில் மோதித் தாங்கக்கூடிய ஒரு பலகை இருக்கிறது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினம் முதல் கிள்ளை வரை கட்டுமரங்கள் இருந்த இடத்தில் இந்தப் படகுகள்தான் பெருமளவு வந்து நின்றன. அவற்றைப் பார்க்காத கண் இந்தக் கரையில் கிடையாது. ஆனால் அதே வகைப் பொருள்தான் சூலூரிலிருந்து பறக்கும் தேஜஸ் போர் விமானத்தின் இறக்கையிலும், சதீஷ் தவன் விண்வெளி மையத்திலிருந்து கிளம்பும் பிஎஸ்எல்வி ராக்கெட்டிலும் இருக்கிறது என்பதைக் கேட்டால் பலர் நம்புவதில்லை. தேஜஸின் உடற்கட்டில் எடைக்கணக்கில் 45 விழுக்காடு, இப்படி இழையும் பிசினும் (ரெசின்) சேர்ந்த கூட்டுப்பொருள். போயிங் 787 விமானத்தில் அது 50 விழுக்காடு.

இழையும் பிசினும் சேர்ந்தால் எப்படி இவ்வளவு பலம் வருகிறது? சிதம்பரம் தேர்வடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் நாரைப் பிரித்தால் ஓர் இழை ஒரு சாண் நீளம் தேறினாலே பெரிது. அந்தச் சாண் நீள இழைகளால் ஆன வடம் தேரையே இழுக்கிறது. முறுக்கேற்றும்போது இழைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. ஓர் இழை முடியும் இடத்தில் அதன் பாரத்தைப் பக்கத்து இழை வாங்கிக்கொள்கிறது. கூட்டுப்பொருளில் முறுக்கு செய்யும் வேலையைப் பிசின் செய்கிறது. ஓர் இழை அறுந்தாலும் அதன் பாரம் பிசின் வழியாக அண்டை இழைகளுக்குப் போய்விடும்.

இழை ஏன் மெலிதாக இருக்க வேண்டும் என்பதற்கும் விடை உண்டு. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வுக்கூடத்தில் ஏ. ஏ. கிரிஃபித் 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்ணாடியை நூலாக இழுத்து இழுத்து அறுத்துப் பார்த்தார். நூல் மெலிய மெலிய, அதே பருமனுக்குக் கணக்கிட்டால், பலம் கூடிக்கொண்டே போனது. கண்ணாடி உடைவதற்குக் காரணம் அதிலுள்ள கண்ணுக்குத் தெரியாத கீறல்கள். மிக மெல்லிய இழையில் பெரிய கீறலுக்கு இடமே இல்லை. விமானத்துக்குப் போகும் கார்பன் இழையின் விட்டம் 5 முதல் 7 மைக்ரான். நம் தலைமுடி அதைப்போலப் பத்து மடங்கு பருமன். எடையும் குறைவு. ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு எஃகு 7.8 கிலோ, அலுமினியம் 2.7 கிலோ, கார்பன் கூட்டுப்பொருள் 1.6 கிலோ.

ஆனால் எனக்குப் பெரிய வியப்பு எடையில் இல்லை, திசையில் இருக்கிறது. உலோகத் தகட்டை எந்தப் பக்கம் இழுத்தாலும் ஏறக்குறைய ஒரே பலம். இழையோ, தான் போகும் திசையில் மட்டும்தான் பாரம் தாங்கும். ஆகவே பலம் எந்தப் பக்கம் வேண்டும் என்பதைச் செய்பவரே தீர்மானிக்கலாம். இறக்கையை மேலே வளைக்கும் விசைக்கு நீளவாக்கில் சில அடுக்குகள், முறுக்கும் விசைக்கு 45 பாகையில் சில அடுக்குகள், குறுக்கே சில. படகுக்கு விரிக்கும் மேட் விரிப்பில் இழைகள் கண்டபடி கிடப்பதால் எல்லாத் திசையிலும் கொஞ்சம் கொஞ்சம் பலம். விமானத்தில் தேவையற்ற திசையில் ஒரு கிராம் கூட வைக்க மாட்டார்கள்.

இந்தக் கணக்கைப் பனைமரம் நெடுங்காலமாகப் போட்டு வருகிறது. பனையைக் குறுக்கே அறுத்தால் விளிம்பில் கறுத்த நார்கள் நெருக்கமாக, வயிரம் பாய்ந்து நிற்கும். நடுவில் மெத்தென்ற சோறு. காற்று வளைக்கும்போது பாரமெல்லாம் விளிம்பில்தான் விழும், நடுவில் விழாது. நார்களும் மேலும் கீழுமாக, தேவையான திசையில் மட்டுமே ஓடுகின்றன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியபோது பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததை மாவட்டமே கண்டு அழுதது. புயலுக்குப் பனை எப்படி நிற்கும் என்று கரையோரத்துப் பெரியவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். செயற்கைக்கோளின் சுவர்ப்பலகையும் இதே அமைப்புதான்: இரு பக்கமும் மெல்லிய உறுதியான தோல், நடுவில் தேன்கூடு போன்ற அறைகள், அவற்றில் பெரும்பகுதி வெற்றிடம்.

பெங்களூரில் தேஜஸின் பாகங்கள் உருவாகும் விதத்தைப் படகுக் கொட்டகையோடு வைத்துப் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி என்பது விளங்கும். அங்கே பிசினை பிரஷ்ஷால் அடிப்பதில்லை. இழையில் முன்கூட்டியே அளவாக ஊறவைத்த சுருளாக வருகிறது. தானே இறுகிவிடக் கூடாதென்று அதை மைனஸ் 18 பாகை குளிரில் வைத்திருக்கிறார்கள். தூசி புகாத அறையில், கால் மில்லிமீட்டருக்கும் மெல்லிய அடுக்குகளை அச்சின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக, குறித்த கோணத்தில் படிய வைக்கிறார்கள். ரோலருக்குப் பதில் பிளாஸ்டிக் பையால் மூடி உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கிறார்கள். பிறகு அப்படியே ஆட்டோகிளேவுக்குள் தள்ளுகிறார்கள். வீட்டு பிரஷர் குக்கரை ஒரு மண்டபம் அளவுக்குப் பெரிதாக்கினால் அதுதான். குக்கரில் வளிமண்டலத்துக்கு மேல் ஒரு மடங்கு அழுத்தம் இருக்கும் என்றால் இங்கே ஏழு மடங்கு. வெப்பம் 180 பாகை வரை. பல மணி நேரம் வேக வைத்து, அவசரமில்லாமல் ஆற வைக்கிறார்கள். தேசிய விண்வெளி ஆய்வகம் இந்த ஆட்டோகிளேவ்களை இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டியது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி.

இரண்டு இடத்திலும் பகை ஒன்றே: காற்று. கொட்டகையில் மூத்தவர் விரட்டிய அதே குமிழியைத்தான் பெங்களூரில் ஏழு மடங்கு அழுத்தம் கொண்டு நசுக்குகிறார்கள்.

உலோக வேலையில் தகடு முதலில் வரும், பாகம் பிறகு வரும். தகட்டில் குறை என்றால் ஆலையைக் கேட்கலாம். இங்கே பொருளும் பாகமும் ஒரே நேரத்தில், ஒரே அச்சில் பிறக்கின்றன. கடையில் இருப்பது இழையும் பிசினும்தான். இறக்கைக்கான பொருள் எந்தக் கடையிலும் இல்லை. ஆகவே அடுக்குபவரின் கவனம் அந்தப் பொருளின் குணமாகவே ஆகிவிடுகிறது. பெரிய பாகங்களை ஒரே துண்டாக வார்க்க முடிவதால் ஆணிகளும் குறைந்தன. தேஜஸில் சுமார் 10,000 இருக்க வேண்டிய இணைப்பாணிகள் ஏறத்தாழ 5,000 ஆயின. ஒவ்வொரு துளையும் இழையை அறுக்கும் என்பதால் இது சாதாரண லாபமில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உற்பத்திப் பொறியியல் துறையில் பொருள்களை இணைக்கும் ஆய்வுக்கென்றே ஒரு மையம் நடப்பதன் அருமை இங்கே புரியும்.

உள்ளே அடுக்கு விட்டிருந்தால் வெளியே தெரியாது. அதற்கு மீயொலி கொண்டு சோதிக்கிறார்கள். அதோடு இன்னொரு பழைய வழியும் விமானப் பராமரிப்பில் இன்றும் உண்டு: நாணயத்தால் தட்டிக் கேட்பது. நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், அடுக்கு விட்ட இடம் பொத்தென்று ஒலிக்கும். பண்ருட்டிச் சந்தையில் பலாப்பழத்தை விரலால் தட்டிக் காது கொடுப்பவருக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டாம்.

வடத்தால் இழுக்கலாம், தள்ள முடியாது; இழையும் அப்படித்தான். இதை மறந்தால் உயிர் போகும். 2023 ஜூன் 18 அன்று அட்லாண்டிக் ஆழத்தில் நொறுங்கிய டைட்டன் நீர்மூழ்கியின் உடல் கார்பன் இழைக் கூட்டுப்பொருள். ஐந்து பேர் இறந்தார்கள். ராக்கெட் மோட்டார் உறையில் அழுத்தம் உள்ளிருந்து வெளியே தள்ளும். சுற்றிய இழை இழுபட்டு நிற்கும், அது இழைக்குப் பிடித்த வேலை. கடலடியிலோ அழுத்தம் வெளியிலிருந்து நசுக்கும். அங்கே இழையின் பலம் பாதி உதவாது. பிஎஸ்எல்வியின் மூன்றாம் கட்ட மோட்டாரின் உறை இழை சுற்றிச் செய்ததுதான். விண்வெளியில் இன்னொரு நன்மையும் சேர்கிறது. வெயிலுக்கும் நிழலுக்கும் இடையே உலோகம் நீண்டு சுருங்கும். கார்பன் இழை சூடேறினால் தன் நீளவாக்கில் மிகச் சிறிதே மாறும், அதுவும் நீளாமல் சுருங்கும். அதைப் பிசினோடு அளவாகச் சேர்த்தால் ஏறக்குறைய அசையாத சட்டம் கிடைக்கிறது. 2024 ஏப்ரலில் இஸ்ரோ அறிவித்த கார்பன்-கார்பன் முனைக்குழல் பிஎஸ்எல்வியின் நான்காம் கட்டத்தில் அந்தப் பாகத்தின் எடையை 67 விழுக்காடு குறைத்து, 15 கிலோ கூடுதல் சுமைக்கு வழி செய்கிறது.

இந்தக் கலையை நம் நாட்டில் வேரூன்ற வைத்தவர்களில் ஒருவர், ராமேஸ்வரத்தில் மரப்படகு கட்டிய ஒருவரின் மகன். அப்துல் கலாம் தும்பாவில் இழைப்பொருள் பணியிலும் ஈடுபட்டார். 1980 ஜூலை 18 அன்று வெற்றி கண்ட எஸ்எல்வி-3 அவர் தலைமையில் உருவானது. பின்னாளில் ஹைதராபாத் மருத்துவமனையில் மூன்று கிலோவுக்கு மேல் கனக்கும் உலோகக் கவசங்களை மாட்டிக்கொண்டு நடந்த பிள்ளைகளைக் கண்டு, ஏவுகணைப் பொருளால் சுமார் 300 கிராமில் காலணிக் கவசம் செய்து கொடுத்ததைத் தம் வாழ்வின் மிகப் பெரிய மகிழ்ச்சிகளில் ஒன்றாக அவர் சொல்லி வந்தார்.

அந்தக் காலைப்பொழுதின் கடைசிக் காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. இறுகிய படகின் விளிம்பை ஒரு பையன் கிரைண்டரால் அறுக்கிறான். கண்ணாடித் தூள் வெயிலில் மின்னுகிறது. மூக்கில் ஒரு துண்டு மட்டும். விமானத் தொழிற்சாலையில் இதே வேலைக்குத் தூசி உறிஞ்சும் குழாயும் வடிகட்டி வைத்த முகக்கவசமும் இருக்கும். கொட்டகையிலோ கண்ணாடித் தூளும் ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவியும் நேரே நுரையீரலுக்குள் போகின்றன. படகுக்கு ஆர்டர் கொடுக்கும் உரிமையாளர்களையும் மீன்வளத் துறையையும் கேட்டுக்கொள்கிறேன்: கொட்டகையில் வேலை பார்க்கும் ஒவ்வொருவருக்கும் வடிகட்டி உள்ள முகக்கவசம், கையுறை, காற்றை வெளியேற்றும் மின்விசிறி இருந்தால்தான் படகை வாங்குவோம் என்று சொல்லுங்கள். ஒரு படகின் விலையில் அது மிகச் சிறிய தொகை.