நோன்பின் மறுபாதி

'நோன்பு' என்னுஞ் சொல் 'நோல்' என்னும் அடியிற் பிறந்தது. பொறுத்தல் என்பதே அதன் பொருள். பசியை மாத்திரமன்று, வந்துற்ற துன்பம் எதனையும் பொறுத்துக் கொள்வதே நோன்பாகும். ஆனால் தவத்தின் வடிவைச் சொல்லவந்த திருவள்ளுவர் பொறுத்தலோடு நின்றாரல்லர். தனக்குற்ற நோயைத் தாங்குவதும், பிறவுயிர்க்குத் துன்பஞ் செய்யாதிருப்பதும் ஆகிய இரண்டையுஞ் சேர்த்தே தவம் என்றார். முன்னது ஒரு பாதி, பின்னது மறுபாதி. உயிர்ப்புப் பெருநாளுக்கு முன் கிறிஸ்தவர்கள் நோற்கும் நாட்களுக்குத் தமிழர் இட்ட பெயர் தபசுகாலம், அல்லது தவக்காலம். ஆகவே அக்காலத்தை வள்ளுவர் தந்த அளவுகோலால் அளந்து பார்ப்பது பொருத்தமேயாகும்.

விபூதிப் புதனன்று குருவானவர் நெற்றியிற் சாம்பலைப் பூசி, மனிதன் மண்ணென்பதை நினைப்பூட்டுகின்றார். அன்று தொட்டுப் பெருநாளின் முன்னாள் வரை எண்ணினால் 46 நாட்கள். ஞாயிறு மகிழ்வின் நாளாதலால் அன்று உபவாசமில்லை. ஆறு ஞாயிறுகளை நீக்க, எஞ்சுவது 40. யேசுநாதர் வனாந்தரத்தில் உண்ணாதிருந்த நாட்களின் தொகை அது. கி. பி. 325 இல் நிசேயாவிற் கூடிய பொதுச்சங்கத்தின் விதிகளிலேயே இந்நாற்பது நாள் குறிக்கப்பெற்றுள்ளது. முற்காலத்திற் கடுமையாயிருந்த உபவாச விதிகளைப் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1966 இல் தளர்த்தினார். இன்று கத்தோலிக்கருக்கு உபவாசக் கட்டாயம் விபூதிப் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரண்டு நாட்களுக்கே உண்டு. விதி சுருங்கியதனால் தவம் சுருங்கிவிடவில்லை. எதனை விடுவது, எதனைக் கொடுப்பது என்று தேரும் பொறுப்பு அவரவர் மனச்சாட்சியின் மேல் ஏறியிருக்கின்றது.

இந்நாட்டுக் கத்தோலிக்கர் நோன்பின் முதற்பாதியை நன்கு கற்றவர்கள். ஒல்லாந்தர் ஆட்சியில் அவர்களுடைய வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்தது. அந்நாளில், 1705 இல், கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார், தமிழையும் சிங்களத்தையும் கற்று இரு மொழியிலும் நூல்கள் செய்தார். கிறிஸ்துவின் பாடுகளைக் கூறும் அவருடைய 'வியாகுலப் பிரசங்கம்' தபசுகாலத்திற் பக்தியோடு வாசிக்கப்படுவதாகும். கொழும்புக் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலும் அத்தகைய காலத்தில் மறைந்து பணிபுரிந்த ஒரு குருவினால் உண்டானதென்பது வழிவழி வந்த வரலாறு.

மறுபாதிக்குரிய சோதனை 2019 இல் வந்தது. மார்ச் 6 ஆந் திகதி தொடங்கிய தபசுகாலம் முடிந்து, ஏப்ரல் 21 காலையில் மக்கள் உயிர்ப்புத் திருநாட் பூசைக்குக் கூடியிருந்தனர். கொச்சிக்கடையிலும், நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் மூன்று ஹோட்டல்களிலும் தற்கொலையாளர் குண்டுகளை வெடிக்கச் செய்தனர். அன்றே தெமட்டகொடையில் ஒரு வீட்டைச் சோதிக்கச் சென்ற பொலிசார் மூவர் அங்கு நிகழ்ந்த வெடிப்பில் மாண்டனர். அவ்வீட்டுக் குழந்தைகளும் மாண்டனர். அந்நாளின் கொடுமையால் உயிரிழந்தோர் 260 பேருக்கு மேல்.

நாற்பது நாள் மாமிசம் தவிர்த்தவனுடைய நாவும் கையும் அதன்பின் என்ன செய்தன? பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை, எவரும் சட்டத்தைக் கையிலெடுக்கலாகாது என்று வேண்டினார். துயருற்ற பல குடும்பங்கள் அச்சொல்லைக் காத்தன. எனினும் அடுத்த மே மாதத்தில் வடமேல் மாகாணத்தில், குற்றத்தோடு யாதொரு தொடர்புமில்லாத முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அவர்களுக்கு அது ரமழான் நோன்பு மாதம்.

பிறர்க்குத் துன்பஞ் செய்யாமை என்பது வாய்மூடியிருத்தலன்று. பாதிக்கப்பட்டோர் நீதிமன்றத்தை நாடினர். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், தாக்குதலைத் தடுக்கத் தவறிய பொறுப்புக்காக, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. நீதியைக் கேட்பது வேறு, பழிவாங்குவது வேறு. முன்னதற்கு நீண்ட பொறுமை வேண்டும். அப்பொறுமையைப் பழக்குவதற்கே நோன்பு.

தெமட்டகொடையில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும், பௌத்தரும் சைவரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். 2025 இல் ரமழான் நோன்பும் விபூதிப் புதனும் ஒரே வாரத்தில் வந்தன. ஒரு வீட்டார் விடியுமுன் எழுந்து உண்டு நோற்றனர். அடுத்த வீட்டார் நெற்றியிற் சாம்பலோடு திரும்பினர். இருவர் பசியும் ஒன்றே. அப்பசி ஒருவரையொருவர் அறியச் செய்யுமாயின் அதுவே பெரும்பயன்.

தபசுகாலத்தில் இரவுதோறும் ஆத்தும சோதனை செய்யுமாறு பெரியோர் கூறுவர். இன்று எதனை உண்ணாது விட்டேன் என்று கேட்பவர் பலர். இன்று யாரைப் பற்றிக் கொடுஞ்சொல் சொல்லாது விட்டேன், எந்த அயலான் மேல் கொண்ட ஐயத்தை நீக்கினேன் என்று கேட்பவர் சிலரே. அச்சிலரால்தான் ஒரு தெரு அமைதியாக உறங்குகின்றது.