பாதிச் சவரம்: போரும் ஒத்துழைப்பும்

புறநானூற்றின் 45ஆம் பாட்டை அமைதிக்கான குரல் என்று நம் தமிழாசிரியர்கள் கொண்டாடுவது வழக்கம். களம் உறையூர். கோட்டையை அடைத்துக்கொண்டு உள்ளே நெடுங்கிள்ளி. வெளியே முற்றுகையிட்டு நலங்கிள்ளி. இருவரும் சோழர். கோவூர்கிழார் நடுவில் நின்று சொல்கிறார்: எதிரே இருப்பவன் சூடியது பனையும் அல்ல, வேம்பும் அல்ல, இரண்டு பேர் கண்ணியும் ஆத்திதான், யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி.

நல்ல வாதம்தான். ஆனால் உள்ளே ஒரு ஓட்டை இருக்கிறது. எதிரே நிற்பவன் வேம்பு சூடிய பாண்டியனாக இருந்தால்? அப்போது சொல்வதற்கு இந்தப் பாட்டில் ஒன்றுமில்லை. பங்காளிச் சண்டை கூடாது என்பதும் போர் கூடாது என்பதும் ஒன்றல்ல. தவிர, பாட்டு முழுக்க மன்னன் காதுக்கானது. முந்தைய பாட்டில், ஆவூர் முற்றுகையில், பாலில்லாமல் அலறும் குழந்தைகளும் தலையில் பூவில்லாத பெண்களும் வருகிறார்கள். வருகிறார்கள், அழுகிறார்கள், அவ்வளவுதான். கதவைத் திறப்பதும் மூடுவதும் கிள்ளிகள் பாடு. அந்த நெடுங்கிள்ளிக்குக் கடைசியில் நின்ற பெயரோ ‘காரியாற்றுத் துஞ்சிய’ நெடுங்கிள்ளி.

போர் பற்றிய நம்முடைய சொல்லாடல் இன்றும் பெரும்பாலும் இந்தப் பாணிதான். மன்னனுக்குப் பதில் பிரதமர், ஐ.நா. சபை, பாட்டுக்குப் பதில் மனு. மனு வீண் என்று சொல்ல வரவில்லை. ஆனால் போரும் அமைதியும் மேலேயிருந்துதான் இறங்கிவரும் என்கிற நினைப்பை மனு தொடுவதே இல்லை. சமைக்கிறவர், சுமக்கிறவர், வண்டி ஓட்டுகிறவர், கணக்கெழுதுகிறவர் ஒத்துழைக்கிற வரைக்கும்தான் அரசு அரசாக இருக்கிறது. அந்தக் கைகள் நின்றால்?

திருச்சிக்காரர்களுக்கு இது புதுசில்லை. 1930 ஏப்ரல் 13 அன்று, ஸ்ரீரங்கத்தில் பிறந்த டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜனின் திருச்சி வீட்டிலிருந்து ராஜாஜி சுமார் நூறு பேரோடு வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கக் கிளம்பினார். (இதே ராஜன் லண்டன் இந்தியா ஹவுஸில் வரகனேரி வ.வே.சு. ஐயரோடு துப்பாக்கி அரசியலுக்குப் பக்கத்தில் இருந்தவர் என்பது தனிக்கதை.) தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் என்ன செய்தார் பாருங்கள். நடப்பவர்களுக்குச் சோறும் தங்க இடமும் கொடுப்பவர்களுக்குத் தண்டனை என்று அறிவித்தார். எங்கே அடித்தால் விழும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஜனங்கள் சோற்றுப் பொட்டலத்தை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டுப் போய்விட்டார்கள். கொடுத்தது யார்? மரம்! வேதாரண்யத்தில் வைரப்பன் என்கிற நாவிதர், தான் சவரம் செய்துகொண்டிருந்த ஆள் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதியில் கத்தியை வைத்துவிட்டார். ஜெயிலுக்கும் போனார்.

எனக்கு இந்தப் பாதிச் சவரம் முக்கியமாகப் படுகிறது. ‘உன் கை எங்களுக்கானது’ என்று சாதி அமைப்பு எழுதிவைத்த ஒருவர் அந்தக் கையை எடுத்துக்கொள்கிறார். வரலாறு ராஜாஜி பேரில் எழுதப்பட்டது. அரசுக்கு உறைத்தது இந்தக் கை.

அது உப்பு. யுத்தத்தில்? 1940 அக்டோபரில் வினோபாவை முதல் ஆளாக வைத்துத் தொடங்கிய தனிநபர் சத்தியாகிரகம் நேரடியான போர் மறுப்பு: பிரிட்டனின் யுத்தத்துக்கு ஆளும் இல்லை, பணமும் இல்லை. இருபதாயிரம் பேருக்கு மேல் சிறை போனார்கள். இருந்தும் யுத்தம் முடியும்போது இந்திய ராணுவத்தில் இருபது லட்சத்துக்கு மேல் ஆள். வயித்துப்பாட்டுக்குப் பதில் சொல்லாத மறுப்பு தியாகிகளின் மறுப்பாகவே நின்றுபோகிறது.

இங்கேதான் திருச்சி மறுபடி வருகிறது. 1966 முதல் இங்கே துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. ஒரு ரைபிளுக்கே ஊர்ப்பெயர் வைத்திருக்கிறார்கள். இன்னொரு ஆலை ஹாப். டாங்கியின் கவசத்தைத் துளைக்கிற டங்ஸ்டன் உலோகக் கலவைத் தண்டுகளைச் செய்வது. இந்தச் சம்பளத்தில் அடுப்பெரியும் வீடுகள் ஊரில் ஏராளம். ‘வேலையை விடு’ என்று சொல்வது எழுதுகிறவனுக்குச் சுலபம். 2021ல் ஆயுத ஆலைகளைக் கம்பெனிகளாக்குவதை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துக்குத் தயாரானபோது, அரசு அவசரச் சட்டம் போட்டுத் தடுத்தது. தார்ன் உத்தரவின் பேரன் என்று வைத்துக்கொள்ளலாம். அது போரை எதிர்த்த போராட்டமல்ல, வேலையைக் காப்பாற்ற. ஆனால் தொழிலாளியின் கை எத்தனை கனம் என்பதை அரசே ஒப்புக்கொண்டுவிட்டது.

வேலையை விடாமலே மறுக்க முடியும். ஸ்காட்லாந்தின் ஈஸ்ட் கில்பிரைடில் 1974ல் சிலி விமானப்படையின் ஹாக்கர் ஹன்டர் எஞ்சின்கள் பழுதுபார்க்க வந்தன. முந்தின வருஷம் அதிபர் மாளிகை மேல் குண்டு போட்ட விமான வகை. ரோல்ஸ் ராய்ஸ் தொழிலாளிகள் தொடமாட்டோம் என்றார்கள். நாலு வருஷம் அவை வெட்டவெளியில் கிடந்து துருப்பிடித்தன. மற்ற வேலை வழக்கம்போல் நடந்தது. 2024 பிப்ரவரியில் நம் துறைமுகத் தொழிலாளர் சம்மேளனம், 11 துறைமுகங்களின் 3,500 பேர் சார்பில், காஸா போருக்காக இஸ்ரேல் போகும் ஆயுதங்களை ஏற்ற மாட்டோம் என்று அறிவித்தது. ஏற்றுமதியை நிறுத்தக் கோரிய வழக்கை அதே ஆண்டு செப்டம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம் வெளியுறவுக் கொள்கை விஷயம் என்று தள்ளிவிட்டது. வழக்கில் பேர் அடிபட்ட கம்பெனிகளில் ஒன்று மியூனிஷன்ஸ் இந்தியா. திருச்சி ஹாப் அதன் ஆலைகளில் ஒன்று.

ஆகவே கேள்வி ஊருக்குள்ளேயே இருக்கிறது. போனஸ், பதவி உயர்வு பேசுகிற சங்கக் கூட்டத்தில் ‘நாம செய்யறது எங்கே போகுது?’ என்று ஒருவர் எழுந்து கேட்கலாம். கேட்டவருக்கு மெமோ வரும். அப்போது அவர் வீட்டு அரிசிக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூட ஃபீஸுக்கும் யார் பொறுப்பு என்பதைச் சங்கமும் தெருவும் பத்திரிகை நடத்துகிற நாமும் மெமோ வருவதற்கு முன்னாலேயே பேசி முடிவு செய்திருக்க வேண்டும்.