சமோவாவின் தட்டம்மை: தடுப்பூசி சரிந்ததும் மீண்டதும்

பசிபிக் பெருங்கடலில் உள்ள சமோவா, ஏறத்தாழ 2 லட்சம் மக்கள் வாழும் தீவு நாடு. 2019ஆம் ஆண்டின் இறுதியில் அங்கு பரவிய தட்டம்மை, சில மாதங்களுக்குள் சுமார் 5,700 பேரைத் தாக்கியது. 83 பேர் உயிரிழந்தனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

தொற்று நோய்களில் மிக வேகமாகப் பரவுவது தட்டம்மை. நோயாளி இருமிவிட்டு அறையை விட்டுப் போன பிறகும், வைரஸ் 2 மணி நேரம் வரை அங்கே காற்றில் தங்கியிருக்கும். எதிர்ப்பாற்றல் இல்லாதவர்களிடையே ஒரு நோயாளியிடமிருந்து 12 முதல் 18 பேருக்கு நோய் தொற்றக்கூடும். இந்தச் சங்கிலி அறுபட வேண்டுமானால், 100 பேரில் 95 பேருக்காவது எதிர்ப்பாற்றல் இருக்க வேண்டும். தடுப்பூசி போடும் வயதை எட்டாத கைக்குழந்தைகளுக்கு, சுற்றியிருப்பவர்களின் எதிர்ப்பாற்றலே பாதுகாப்பு.

சமோவாவில் இந்த அளவு முன்பே எட்டப்படவில்லை. 2018 ஜூலையில் நிலைமை இன்னும் மோசமானது. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா ஆகிய மூன்றையும் தடுக்கும் எம்.எம்.ஆர். தடுப்பூசி உலர்ந்த தூளாக ஒரு குப்பியில் வரும். கரைப்பதற்கான தூய நீர் தனிக் குப்பியில் இருக்கும். சவாயி தீவின் மருத்துவமனை ஒன்றில், அந்த நீருக்குப் பதிலாக, அறுவைச் சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தப் பயன்படும் மருந்து தவறுதலாகக் கலக்கப்பட்டது. ஊசி போடப்பட்ட இரண்டு குழந்தைகள் இறந்தன. குற்றம் தடுப்பூசியினுடையது அல்ல என்பது பின்னர் உறுதியானது. ஆனால் அதற்குள் தடுப்பூசித் திட்டம் பல மாதங்கள் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. பெற்றோரிடையே அச்சமும் வேரூன்றிவிட்டது. அந்த ஆண்டில் தடுப்பூசி பெற்ற குழந்தைகளின் விகிதம் சுமார் 31 சதவீதமாகச் சரிந்ததாக உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் மதிப்பிட்டன.

2019இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் தட்டம்மை பரவியது. சமோவா மக்கள் பெருமளவில் வாழும் நகரம் அது. இரு நாடுகளுக்கும் இடையே போக்குவரத்து ஓயாது; அவ்வழியே நோய் சமோவாவுக்கும் வந்தது. அக்டோபரில் சமோவா அரசு நோய்ப்பரவலை அறிவித்தது. நவம்பர் 15 அன்று அவசரநிலை பிறப்பிக்கப்பட்டது. பள்ளிகள் மூடப்பட்டன, தடுப்பூசி கட்டாயமாக்கப்பட்டது.

டிசம்பர் 5, 6 ஆகிய இரு நாள்களும் நாடே அடைக்கப்பட்டது. தடுப்பூசி போடாதவர்கள் உள்ள வீடுகளின் முன்னால் சிவப்புத் துணி கட்டும்படி அரசு கேட்டுக்கொண்டது. வெறிச்சோடிய சாலைகளில் மருத்துவக் குழுக்கள் சென்று, துணி தொங்கிய வீடுகளில் நின்று ஊசி போட்டன. வெளிநாட்டு மருத்துவர்களும் செவிலியர்களும் உதவிக்கு வந்திருந்தனர்.

ஊசி போட்டவுடன் பரவல் நின்றுவிடாது. எதிர்ப்பாற்றல் முழுமையாக உருவாக 2 வாரங்கள் வரை ஆகும். தொற்று ஏற்பட்ட பிறகு அறிகுறி தெரியவும் 10 நாள்களுக்கு மேல் ஆகும் என்பதால், ஏற்கெனவே தொற்றியவர்கள் தொடர்ந்து மருத்துவமனைக்கு வந்துகொண்டிருந்தனர். எனினும், நோயாளியுடன் பழகிய 72 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டால் நோயைத் தடுக்கவோ அதன் கடுமையைக் குறைக்கவோ முடியும். டிசம்பர் இறுதியில் தடுப்பூசி விகிதம் 95 சதவீதத்தை நெருங்கியது. புதிய நோயாளிகளின் எண்ணிக்கை இறங்கியது. டிசம்பர் 28 அன்று அவசரநிலை விலக்கிக்கொள்ளப்பட்டது.

அதே காலத்தில் அண்டை நாடுகளான டோங்காவுக்கும் ஃபிஜிக்கும் தட்டம்மை பரவியது. டோங்காவில் நூற்றுக்கணக்கானோர் பாதிக்கப்பட்டும் ஒருவர்கூட இறக்கவில்லை. ஃபிஜியிலும் உயிரிழப்பு இல்லை. அவ்விரு நாடுகளிலும் பெரும்பாலான குழந்தைகள் முன்பே தடுப்பூசி பெற்றிருந்தனர். சமோவா அவசரநிலையில் எட்டிய விகிதத்தை, அந்த நாடுகள் வழக்கமான தடுப்பூசித் திட்டத்தின் வழியாகவே ஏறக்குறைய எட்டியிருந்தன.